நெடுந்தீவுக்கு முதல்ல என்ன வேணும்? அடிக்கடி கேக்கிற கேள்வியளும் பதிலும்

ஊர்ச்சங்கக் கூட்டங்களிலயும் வட்ஸ்அப் குறூப்பிலயும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் போன் எடுக்கேக்கையும் திரும்பத் திரும்ப வாற கேள்வியளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறன். இது அரசாங்கத் திட்டம் இல்லை, என்ர கருத்து. தீவில இப்ப இருக்கிற சனம் தொடர்ந்து இருக்கவேணும், போன சனத்தில கொஞ்சமாவது திரும்பி வரவேணும், இந்த ரெண்டையும் வைச்சுத்தான் எது முதல் எது பிறகு எண்டு பார்த்திருக்கிறன்.

நெடுந்தீவு எங்க கிடக்கு? பிள்ளையளுக்குச் சொல்லத் தெரியேல்லை.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கால, பாக்கு நீரிணைக்குள்ள. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் நிலம், நாலாயிரம் பேர் அளவில சனம், ஆறு கிராம சேவகர் பிரிவு. முருகைக்கல் நிலம், மலை மேடு ஒண்டும் இல்லை, பனையும் கல்வேலியும்தான் கண்ணுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில பஸ் ஏறி பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து குறிகட்டுவான் ஜெட்டிக்கு வரவேணும், அங்கயிருந்து படகில ஒரு மணித்தியாலம் அளவு. வேலணை, புங்குடுதீவு, காரைநகருக்கெல்லாம் தாம்போதி போட்டு றோட்டு இருக்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு நாலுக்கும் இன்னும் கடல்தான் வழி.

ஒரே ஒரு விசயம்தான் செய்யலாம் எண்டா எதைக் கேப்பீங்கள்?

படகு. யோசிக்கவே தேவையில்லை.

ஏன் எண்டு சொல்லுறன். டொக்டர் ஏன் நிக்கேல்லை எண்டு கேட்டா அதுக்குப் பதில் படகு, டீச்சர்மார் ஏன் மாற்றம் கேட்டுக்கொண்டு போகினம் எண்டாலும் படகு, சாமான் ஏன் யாழ்ப்பாண விலையை விடக் கூட எண்டாலும் படகு, பிடிச்ச மீனை ஏன் வந்த விலைக்குத் தள்ளவேண்டியிருக்கு எண்டாலும் அதே பதில்தான். ஒரு சீமெந்துப் பையை எடுத்துப் பாருங்கோ. யாழ்ப்பாணக் கடையில வாங்கி லொறியில ஏத்தி குறிகட்டுவானுக்குக் கொண்டுவரவேணும், லொறியால இறக்கி ஜெட்டி நீளத்துக்கும் தோளில சுமந்து படகுக்குள்ள அடுக்கவேணும், மேல தறப்பாள் போட்டு இறுக்கிக் கட்டவேணும், அப்பிடிக் கட்டியும் சோளகக் காற்று நேரத்தில அலை அடிச்சா கீழ் வரிசைப் பை நனைஞ்சு கல்லாப் போயிடும். நெடுந்தீவு ஜெட்டி மாவிலித்துறையில திரும்பவும் தோளில ஏத்தி இறக்கி, பிறகு லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பிடிச்சு வீட்டடிக்கு. ஒவ்வொரு கை மாறேக்கயும் ஒரு கூலி. அரசாங்கம் வீட்டுத்திட்டம் குடுக்கேக்க யாழ்ப்பாணத்தில குடுக்கிற அதே தொகையைத்தான் இஞ்சயும் குடுக்குது, அதாலதான் கனவீடு அரைச்சுவரோட நிண்டுபோகுது, சனத்துக்குச் சோம்பல் எண்டு சொல்லுறது பெரிய அநியாயம்.

படகு இல்லை எண்டும் சொல்லேலாது. குமுதினி எத்தினையோ வருசம் உழைச்சது, 2017ல நெடுந்தாரகை கொழும்பில கட்டி வந்தது, வடதாரகை ஓடினது, தனியார் படகுகளும் இருக்கு. பிரச்சினை என்னெண்டா ஒரு படகு பழுதானா அடுத்தது எது எண்டு எழுத்தில ஒரு இடத்திலயும் இல்லை. படகு கட்டிறதுக்குக் காசு குடுக்க ஆக்கள் வருவினம், ரிப்பன் வெட்டுவினம், படம் வரும். டீசலுக்கும் என்ஜின் பாட்ஸுக்கும் ஓட்டியின்ர சம்பளத்துக்கும் வருசா வருசம் ஆர் காசு போடுறது எண்டு கேட்டா சத்தம் இல்லை. நான் கேக்கிறது இதுதான்: றோட்டு திருத்திறதுக்கு வருசம் தவறாமல் பட்ஜெட் இருக்கிற மாதிரி படகு ஓடுறதுக்கும் தனி ஒதுக்கீடு வேணும், ரெண்டு படகு ஓடினா ஒண்டு தயார் நிலையில நிக்கவேணும், சனம் போற படகில சீமெந்தும் காஸ் சிலிண்டரும் ஏத்தாமல் சாமானுக்குத் தனிப் பாதைப்படகு வேணும், பின்னேரம் கடைசிப் படகு எத்தினை மணிக்கு எண்டது காற்று மழை தவிர வேற எதுக்கும் மாறக்கூடாது.

1985 மே 15ல குமுதினியில போன சனத்தை நடுக்கடலில மறிச்சு வெட்டிக் கொலை செய்தவங்கள், குழந்தையளையும் விடேல்லை. அதுக்குப் பிறகும் அதே குமுதினி ஓடினது, சனம் அதே குமுதினியிலதான் ஏறினது, வேற வழி இருக்கேல்லை. இப்பிடிப்பட்ட ஊருக்கு ஒழுங்கான படகு எண்டது சலுகை இல்லை.

அப்ப பாலமே கட்டிவிடலாமே?

ஆசை எல்லாருக்கும் இருக்கு. ஆனா கணக்கைப் பாருங்கோ. 2011ல திறந்த சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர்தான், அதுக்கே எவ்வளவு காலம் காத்திருந்தம். இது பல கிலோமீற்றர் திறந்த கடல், சோளகமும் வாடையும் நேரடியா அடிக்கிற இடம். நாலாயிரம் பேருக்காக எந்த அரசாங்கமும் அந்தக் காசு போடாது, போடும் எண்டு தேர்தல் நேரம் சொல்லுறவையை நம்பி இருக்கிற படகையும் கவனிக்காமல் விட்டிடக்கூடாது.

வேற நாட்டில சின்னத் தீவுகளுக்கு என்ன செய்யினம்?

ரெண்டு உதாரணம் எங்களுக்கு நல்லாப் பொருந்தும். ஸ்கொட்லாந்தில 2008ல இருந்து ஒரு கட்டண முறை கொண்டு வந்தவை, அதே தூரத்தை றோட்டால காரில போனா எவ்வளவு செலவாகுமோ அதை வைச்சுத்தான் தீவுக்குப் போற படகில டிக்கெட் விலை. கடல் நடுவில கிடக்கு எண்டதுக்காகத் தீவுச்சனம் கூடக் காசு குடுக்கக்கூடாது எண்ட நியாயம் அது. மற்றது ஜப்பான், 1953ல தொலைதூரத் தீவுகளுக்கெண்டே ஒரு சட்டம் போட்டு, பத்து வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கொண்டு வரினம். துறைமுகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள்ள வருது. இலங்கையே ஒரு தீவு, அதுக்குள்ள இருக்கிற சின்னத் தீவுகளுக்கெண்டு ஒரு சட்டம் போட வேணும் எண்டு எங்கட பாராளுமன்ற உறுப்பினர்மார் ஒருக்காவாவது பிரேரணை கொண்டு வரலாம்.

தண்ணிப் பிரச்சினை உண்மையிலயே அவ்வளவு மோசமோ? கிணறு எல்லாம் இருக்குத்தானே?

கிணறு இருக்கு. நல்ல தண்ணி எல்லாக் கிணத்திலயும் இல்லை, சாராப்பிட்டிப் பக்கம் மாதிரிச் சில இடத்திலதான். கோடையில பின்னேரம் போனா வாளி, கலன், பரல் எல்லாம் வரிசையா நிக்கும், துலாவில இல்லாட்டிக் கயித்தில மெதுவா அள்ளி ஊத்துவினம், அடிச்சு இறைச்சா கலங்கி உவர்ச்சு வரும் எண்டு அம்மாமார் பெடியளை ஏசுவினம்.

அந்த ஏச்சில உள்ள விசயம் சரியான விஞ்ஞானம். முருகைக்கல் நிலத்துக்குள்ள மழைத்தண்ணி இறங்கி, கீழ இருக்கிற கடல்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது, நன்னீர் பாரம் குறைஞ்சது எண்டபடியால். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நன்னீர் நிண்டா கீழ 40 அடி வரைக்கும் அது உப்பைத் தள்ளி வைச்சிருக்கும் எண்டு ஒரு கணக்கு இருக்கு. இதைத் திருப்பிப் பாருங்கோ: மேல ஒரு அடி இறைச்சு எடுத்தீங்கள் எண்டா கீழயிருந்து 40 அடி உப்பு ஏறி வரும். ஏறின உப்பு ஒரு மாரியோட போகாது. அதாலதான் மோட்டர் போட்டு இறைக்கிறதும் குழாய்க்கிணறு அடிக்கிறதும் எங்கட தீவுக்கு விசம் எண்டு சொல்லுறன். பக்கத்து வீட்டுக்காரன் அடிச்சா உங்கட கிணறும் சேர்ந்துதான் உவராகும், இது தனியாள் விருப்பத்தில விடுற விசயம் இல்லை, பிரதேச சபை உபவிதி போட்டுத் தடுக்கவேணும்.

கடல்நீரை நன்னீராக்கிற மெஷின் நல்லது, வேணாம் எண்டேல்லை. ஆனா அதுக்கு கரண்ட் வேணும், மெம்பிரேன் மாத்தவேணும், பழுதானா திருத்த ஆள் படகில வரவேணும். எல்லா நம்பிக்கையையும் அதில வைக்கேலாது. நான் முதல்ல கேக்கிறது கூரைத்தண்ணி. வருசத்து மழையில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள்ள கொட்டித் தீர்ந்திடும். 50 சதுர மீற்றர் கூரையில 100 மில்லிமீற்றர் மழை பெய்தா 5000 லீற்றர், ஒரு நல்ல மழைக் கிழமையிலயே அது வந்திடும். பீலி போட்டு, ஒரு தொட்டி கட்டி, முதல் மழைத் தண்ணியை வெளிய விட்டிட்டு மிச்சத்தைப் பிடிச்சா குடிக்கிறதுக்கும் சமையலுக்கும் கனநாளைக்குக் காணும். புது வீட்டுத்திட்டம் எண்டா தொட்டியில்லாமல் குடுக்கக்கூடாது. பழைய குளங்கள், கேணி, துரவு எல்லாம் தூர் வாரிறதும் இதோட சேர்ந்த வேலை, மழைத்தண்ணி கடலுக்கு ஓடாமல் நிலத்துக்குள்ள இறங்கினாத்தான் கிணறு நிக்கும்.

ஆஸ்பத்திரி இருக்கே, பிறகென்ன?

இருக்கு, அங்க நிக்கிற டொக்டரும் மிஸ்மாரும் செய்யிற வேலைக்கு நன்றி சொல்லி முடியாது. ஆனா ஒப்பரேசன் எண்டா, ஸ்கான் எண்டா, நெஞ்சுவலி எண்டா யாழ்ப்பாணம்தான். இரவில நெஞ்சுவலி வந்தா படகு பிடிக்கவேணும், கடல் இறங்க விடவேணும், குறிகட்டுவானில அம்புலன்ஸ் நிக்கவேணும், அங்கயிருந்து யாழ்ப்பாணம் போகவேணும். இந்த நாலில ஒண்டு பிசகினாலும் ஆள் இல்லை.

பிள்ளை பிறக்கப்போற பெட்டையள் நாள் நெருங்க முதலே யாழ்ப்பாணத்தில சொந்தக்காரர் வீட்டில போய் நிக்கினம். சொந்தக்காரர் இல்லாட்டி வாடகைக்கு. தொழிலுக்குப் போற புருசன் இஞ்ச, மூத்த பிள்ளை அம்மம்மாவோட, இவ அங்க தனிய. இதுக்குப் பெரிய திட்டம் ஒண்டும் தேவையில்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கிட்டத் தீவுப்பகுதித் தாய்மாருக்கெண்டு நாலைஞ்சு அறையோட ஒரு தங்குமிடம் போதும், நாலு தீவுக்கும் அது உதவும். அதோட மூடின, வெளிச்சம் உள்ள, ஒட்சிசன் வைச்ச ஒரு அம்புலன்ஸ் படகு மாவிலித்துறையிலயே இரவு பகல் நிக்கவேணும், ஓட்டியும் ஊரிலயே இருக்கவேணும். தீவில வேலை செய்யிற டொக்டர், நேர்ஸ், டீச்சருக்கு இருக்கக்கூடிய குவார்ட்டஸும் கஷ்டப்பிரதேசக் கொடுப்பனவும் ஒழுங்காக் குடுத்தா பாதிப்பேர் நிப்பினம் எண்டது என்ர நம்பிக்கை.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையள் குறையுதே, மூடிவிடுவாங்களோ?

பிள்ளையள் எண்ணிக்கையை மட்டும் வைச்சு மூடுறது எண்டா தீவுப் பள்ளிக்கூடங்கள் ஒண்டும் மிஞ்சாது. பள்ளிக்கூடம் மூடின குறிச்சியில இளம் குடும்பம் இருக்காது, அது எல்லாருக்கும் தெரியும். ஏ.எல் படிக்க யாழ்ப்பாணம் போற பிள்ளையளுக்கு விடுதி வசதி, இஞ்ச விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்க ஒன்லைன் வகுப்பு, அதுக்குக் காணக்கூடிய இன்டர்நெட். இவ்வளவும் செய்யக்கூடிய காரியம்.

இந்தியாவும் சீனாவும் சண்டை பிடிச்ச கரண்ட் திட்டம் எங்கட தீவுதானே?

ஓம், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டும். 2021 ஜனவரியில இலங்கை அமைச்சரவை ஒரு சீனக் கொம்பனிக்குக் குடுத்தது, இந்தியா தனக்குக் கிட்டக் கிடக்கிற தீவு எண்டு எதிர்த்தது, அதே வருசக் கடைசியில சீனா இடைநிறுத்தினம் எண்டு சொன்னது. 2022 மார்ச்சில இந்தியாவோட உடன்படிக்கை, 1.1 கோடி டொலர் நன்கொடை, 2024 மார்ச் 1ல வேலைக்கான ஒப்பந்தம் கையெழுத்து. மூண்டு தீவுக்கும் சேர்த்து சூரியஒளி 1700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பற்றறி 2400 கிலோவாட் மணி, அதோட அவசரத்துக்கு டீசல் ஜெனரேற்றர் 2500 கிலோவாட்.

இதில ஆர் கட்டிறது எண்டதை விட கட்டினாப் பிறகு ஆர் பாக்கிறது எண்டதுதான் எனக்குக் கவலை. எங்கட தீவில ஜெனரேற்றர் ஓட டீசலையே படகில கொண்டு வாற நிலைமை, அதை மாத்தினா மின்சார சபைக்கும் லாபம். ஆனா உப்புக்காத்து இரும்பைத் திண்டிடும், இன்வேட்டர் பழுதானா கொழும்பில இருந்து ஆள் வரும்வரைக்கும் இருக்கேலாது. ஸ்கொட்லாந்தில எயிக் எண்டு ஒரு தீவு, நூறு பேர் அளவில சனம், 1997ல ஊர்ச்சனமே சேர்ந்து தீவைச் சொந்தமா வாங்கினவை, 2008ல தண்ணி, காற்று, சூரியஒளி மூண்டிலயும் கரண்ட் எடுக்கத் தொடங்கினவை. ஒரு வீடு ஒரே நேரத்தில 5 கிலோவாட்டுக்கு மேல இழுக்கக்கூடாது எண்டு தாங்களே கட்டுப்பாடு வைச்சு, பழுதுபாக்கிறதையும் ஊர் ஆக்களே பழகிச் செய்யினம். எங்கட ஊர்ப் பெடியள் பத்துப் பேரை இப்பவே பயிற்சிக்கு அனுப்பவேணும், திட்டத்தோடயே அது ஒரு நிபந்தனையா இருக்கவேணும், வேலையும் அவைக்குத்தான் குடுக்கவேணும்.

கடல்தொழிலுக்கு என்ன செய்யலாம்? இந்திய இழுவைப் படகுப் (ரோலர்) பிரச்சினை தீருமோ?

சின்ன எஞ்சின் பூட்டின பைபர் படகில போய் இரவு வலை விட்டிட்டு விடிய வந்து பாத்தா வலையே இல்லை எண்டா அந்தக் குடும்பம் அந்த மாசம் என்னத்தைத் தின்னும்? இந்திய இழுவைப் படகுகள் அடிமடி வலையைக் கடல் நிலத்தோட வழிச்சுக்கொண்டு போறதில வலை மட்டும் இல்லை, மீன் முட்டை விடுற சாதாளை எண்ட கடல்புல்லும் சேர்ந்துதான் போகுது. இலங்கை 2017ல சட்டத் திருத்தம் கொண்டு வந்து இழுவைமடியையே தடை செய்தது, உள்ளூர்க்காரருக்கும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அந்த நாளில எங்கட ஆக்கள் நிம்மதியாத் தொழில் செய்யினம்.

அங்கால இருக்கிறதும் எங்கட சனம், அவையின்ர பிள்ளையளும் பசி இருக்கக்கூடாது, அதால அவையைப் பிடிச்சு மறியலில போடுறதில எனக்குச் சந்தோசம் ஒண்டும் இல்லை. ஆனா கடல் அடியோட அழிஞ்சா ரெண்டு பக்கத்துக்கும் இல்லை. இழுவைமடியை விட்டு வேற முறைக்கு மாறத் தமிழ்நாட்டு மீனவருக்குக் காசும் காலமும் குடுக்கிற ஒரு உடன்பாடு வேணும், பேச்சு மேசையில ரெண்டு கரை மீனவரும் இருக்கவேணும். சிலபேர் உடன கச்சதீவை இழுப்பினம். கச்சதீவு எங்கட பிரதேச செயலகத்துக்குக் கீழதான் இருக்கு, அதைக் குடுத்தாலும் எடுத்தாலும் இழுவைமடி நிக்கப்போறேல்லை.

கடலட்டைப் பண்ணை பற்றியும் கேக்கினம். செய்யலாம், ஆனா கரையோரத்தில வலை விடுற, நண்டு பிடிக்கிற சனத்தின்ர இடத்தை வேலி போட்டு மறிச்சு வெளியாளுக்குக் குடுக்கிறதெண்டா வேண்டாம். மீனவர் சங்கம் சம்மதிச்சு, ஊர்ச்சனத்தின்ர பேரில மட்டும். ஐஸ் போடுற வசதியும் குளிர் அறையும் தீவிலயே இருந்தா இப்ப பிடிக்கிற மீனுக்கே நல்ல விலை வரும்.

குதிரை முக்கியமோ மாடு முக்கியமோ?

இப்பிடிக் கேட்டுக் கேட்டுத்தான் ஊருக்குள்ள சண்டை. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரையளின்ர சந்ததி எங்கட வெளியில காட்டுக் குதிரையாத் திரியுது, அதைக் காப்பாத்தத்தான் வேணும். மாடும் ஆடும்தான் கனவீட்டுக்கு வருமானம், அதையும் காப்பாத்தவேணும். 2015ல 1846 ஹெக்டெயரைத் தேசியப் பூங்கா எண்டு வர்த்தமானியில போட்டவை, அது தீவின்ர மூண்டில ஒரு பங்குக்கு மேல. பரம்பரையா மேய்ச்ச தரவை வெளி அதுக்குள்ள போகுதெண்டா மாட்டுக்காரன் எங்க போறது? எல்லையை ஊர்ச்சனத்தோட இருந்து திரும்பப் பாக்கவேணும், மேய்ச்சல் உரிமையை எழுத்தில குடுக்கவேணும். கோடையில குதிரை தண்ணியில்லாமல் விழுந்து சாகிறதைத் தடுக்க வெளியில தொட்டியும் கேணியும் வேணும், அதில மாடும் குடிக்கும் குதிரையும் குடிக்கும். சண்டைக்கு இடமே இல்லை.

சுற்றுலாவால ஊர் முன்னேறாதோ?

கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், குதிரை, எல்லாம் பாக்கச் சனம் வருது. காலமைப் படகில வந்து, ஓட்டோவிலயோ ஹன்ரரிலயோ ஒரு சுத்துச் சுத்தி, பின்னேரப் படகில போகுது. ஊருக்கு மிஞ்சிறது வாகனக் காசும் கொஞ்சச் சாப்பாட்டுக் காசும், அதோட பிளாஸ்ரிக் போத்தல். பெரிய ஹோட்டல் வேண்டாம், தண்ணி தாங்காது. ஊர் வீட்டில ரெண்டு அறை வைச்சு, இரவு தங்க விட்டு, ஒடியற்கூழும் மீனும் குடுத்து, வாறவையிட்ட ஒரு சின்னக் கட்டணம் எடுத்துக் குப்பை அள்ளுறதுக்கும் கிணறு பாக்கிறதுக்கும் போட்டா எனக்குச் சம்மதம். சனி ஞாயிறில சுற்றுலாக் கூட்டம் ஏறி ஊர்ச்சனம் படகில இடமில்லாமல் நிக்கிறது மட்டும் நடக்கக்கூடாது, ஊர் ஆக்களுக்கு இடம் ஒதுக்கி வைக்கவேணும்.

நாங்கள் கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிறம். எங்களால என்ன செய்யலாம்?

கோயில் திருவிழாவுக்கு அனுப்பிறீங்கள், சந்தோசம். அடுத்த வருசம் ஒரு பகுதியைத் தொட்டி கட்டக் குடுங்கோ, ஒரு வீட்டுக்கு ஒரு தொட்டி எண்டு பேர் போட்டே குடுங்கோ. அதைவிடப் பெரிசு காணி. ஆள் இல்லாத வளவு எத்தினை பூட்டிக் கிடக்கு, வேலி இடிஞ்சு, பனை விழுந்தபடி. ஒரு காணிக்கு அஞ்சு உரித்தாளர் அஞ்சு நாட்டில, ஒருத்தர் ஓம் எண்டா மற்றவர் போன் எடுக்கமாட்டார். விக்கச் சொல்லேல்லை. உறுதியைத் தெளிவாக்கி, பத்து வருசக் குத்தகைக்கு ஊரில இருக்கிற ஒரு இளம் குடும்பத்துக்கு எழுதிக் குடுங்கோ. இது அரசாங்கம் செய்யேலாத, நீங்கள் மட்டும் செய்யக்கூடிய வேலை.

இதெல்லாம் ஆரிட்டக் கேக்கிறது?

இதுதான் சிக்கல். படகுச் சேவையில வீதி அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச சபை, கடற்படை, தனியார் எல்லாருக்கும் ஒவ்வொரு கை இருக்கு, பொறுப்பு ஒருத்தருக்கும் இல்லை. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் மாகாணத்துக்குக் கீழ, ஆனா வடக்கு மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தல் வைக்கேல்லை, ஆளுநர்தான். பூங்கா வனசீவராசிகள் திணைக்களத்திட்ட, கடல் கொழும்பிட்ட.

அதால இப்போதைக்குக் கிணத்து உபவிதியும் குப்பையும் சுற்றுலாக் கட்டணமும் பிரதேச சபையிட்டக் கேளுங்கோ, கூட்டத்துக்குப் போங்கோ, பொதுமக்கள் இருந்து பாக்கலாம். வீட்டுத்திட்டத் தொகையும் தொட்டியும் காணிப் பிரச்சினையும் பிரதேச செயலகத்தில, எழுத்தில குடுத்து திகதி போட்ட கொப்பி ஒண்டு கையில வைச்சிருங்கோ. தாய்மார் தங்குமிடமும் அம்புலன்ஸ் படகும் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்கும் ஆளுநருக்கும், நாலு தீவுச் சங்கமும் ஒரே கடிதத்தில கையெழுத்து வைச்சு. படகு ஒதுக்கீட்டை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில கேக்கவேணும், அங்கதான் எல்லாத் திணைக்களமும் ஒரே மண்டபத்தில இருக்கும், பாராளுமன்ற உறுப்பினரும் இருப்பினம். கூட்டத்துக்கு முதல் கிழமையே அவையிட்டக் கடிதம் போய்ச் சேரவேணும்.